எல்லாருக்கும் பிடித்த பாட்டு

"அதெல்லாம் ஒரு பாட்டா? மாடிப்படியில தகர டப்பாவை உருட்டிவிட்ட மாதிரி இருக்கு!"

காலர் அக்கா சொன்னது தையல் கூடம் முழுக்கக் கேட்டது. சாப்பாட்டு மணி அடித்து, மெஷின்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன.

"உங்க பாட்டு மட்டும் என்னவாம்? இழவு வீடுகூட அதைவிடக் கலகலப்பா இருக்கும்," என்றாள் பட்டன்.

அந்தக் கூடத்தில் யாருடைய சொந்தப் பெயரும் புழக்கத்தில் இல்லை. சட்டைக்குக் காலர் வைப்பவள் காலர் அக்கா. பட்டன் தைப்பவள் பட்டன். நேற்றுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட இருவரும் இப்படி முட்டிக்கொண்டதற்குக் காரணம், காலையில் சூப்பர்வைசர் செய்த அறிவிப்பு.

"நாள் பூரா ஸ்பீக்கர்ல பாட்டுப் போடறோம். இந்த வருஷம் வந்ததுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு சனிக்கிழமை கை தூக்கிச் சொல்லுங்க. ஆளுக்கு ஒரு பாட்டுதான். புது மேனேஜர் உங்க ரசனையைத் தெரிஞ்சுக்க ஆசைப்படறார். அதை வச்சுத்தான் அடுத்த வருஷத்துக்குப் பாட்டு முடிவு பண்ணுவாராம்."

உனக்கு எது பிடிக்கும் என்று காலர் அக்காவை அதுவரை யாரும் கேட்டதில்லை. கல்யாணத்தின்போதுகூடக் கேட்கவில்லை. அதனால் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுடைய பாட்டு புல்லாங்குழலில் தொடங்கும். தூரத்தில் இருக்கும் மகளிடம் ஒரு தாய் பாடுவது. அவளுடைய மகள் வேலைக்கென்று கடல் தாண்டிப் போனதும் இந்த வருஷம்தான். அந்தப் பாட்டு வந்தால் கை தானாக நின்றுவிடும். காலர் மடிப்பை மகளின் நெற்றியைப் போலத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் கேட்க வழியில்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குச் சின்னச் சத்தமும் ஆகாது. செல்போனோ மணி அடிக்கும், பேசும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இந்த ஸ்பீக்கரை விட்டால் அந்தப் பாட்டு அவளுக்கு இல்லை.

ஆகவே வரிந்துகட்டிக்கொண்டு ஆள் பிடித்தாள். துணி ஓரத்துக்கு ஓவர்லாக் தைப்பவளிடம், "உங்கம்மாவை நினைச்சுப் பாருடி," என்று மூக்கைச் சிந்தினாள். இஸ்திரிக்காரருக்குத் தன் டீயைக் கொடுத்தாள்.

"எனக்குக் குத்துப்பாட்டுத்தாம்மா பிடிக்கும்," என்று அவர் நெளிந்தார்.

"பிடிக்கிறதை விடுங்கண்ணே. நல்ல பாட்டுக்குக் கை தூக்குங்க!"

வெள்ளிக்கிழமை பட்டன் அவள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். இந்தக் கை தூக்கற விஷயத்துல எனக்கு என்னவோ உறுத்துது..."

"தோத்துடுவோம்னு உறுத்துதா? போ, போய் உன் தகர டப்பாவுக்கு ஆள் சேர்க்கற வேலையைப் பாரு."

பட்டனின் முகம் சுண்டிப்போனது. அதற்குப்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை, வருஷத்தின் கடைசி வேலை நாள். சூப்பர்வைசர் ஒவ்வொரு பாட்டாகச் சொன்னார். சிலவற்றுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. தகர டப்பாவுக்கு ஒரு கைகூட எழவில்லை. காலர் அக்காவின் பாட்டைச் சொன்னதும் மீதிக் கூடம் அப்படியே கை தூக்கியது. இஸ்திரிக்காரர்கூடத் தூக்கினார். கடைசியில், மெதுவாக, பட்டனும் தூக்கினாள்.

காலர் அக்கா பட்டனைத் திரும்பிப் பார்த்தாள். பாவம், எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தாள். புது வருஷத்தில் முதல் வேலையாக அவளோடு சமாதானமாகிவிட வேண்டும்.

புது வருஷத்தின் முதல் வேலை நாளில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் தகர டப்பா உருண்டது. பிறகு யாருக்கும் பிடிக்காத ஏதோ ஒரு பாட்டு. மறுபடியும் தகர டப்பா. மத்தியானம்வரை புல்லாங்குழல் வரவே இல்லை. பொறுக்க முடியாமல் சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், எங்க பாட்டு?"

"எடுத்தாச்சும்மா. யாராவது கை தூக்கின பாட்டு அத்தனையும் எடுத்தாச்சு."

"ஏன் சார்?"

"பிடிச்ச பாட்டு வந்தா வேலையை விட்டுட்டு மயங்கி உட்கார்ந்துடறீங்களாம். பிடிக்காததைப் போட்டா எப்படா முடியும்னு கை பறக்குதாம். எது எதுன்னு கண்டுபிடிக்கத்தான் மேனேஜர் உங்களையே கேட்கச் சொன்னார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

காலர் அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரையெல்லாம் கூட்டி, கெஞ்சி, அழுது, தன் மகளைத் தானே இரண்டாவது முறை அனுப்பிவைத்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது பட்டனைப் பார்த்தாள். அவள் முகத்தில் சலனமே இல்லை. மெஷினுக்கு அடியில் ஒரு கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

பட்டன் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"சந்தேகம்தான். நமக்குப் பிடிச்சதை எந்த மேனேஜர் இதுவரைக்கும் கேட்டிருக்கார்? சொல்ல வந்தேன், விரட்டிட்டீங்க. அப்புறம் என் பாட்டாவது பிழைக்கட்டும்னு, அது பிடிச்சவங்க அத்தனை பேரையும் உங்க பாட்டுக்குக் கை தூக்க வச்சதே நான்தான்க்கா."