பூங்காவில் ஆழமான இடம்

அரியலூர் ரயிலடிக்குப் போகும் வழியில் இருந்த பெரிய குட்டையைச் சுண்ணாம்புக்கல் கொட்டித் தூர்த்துப் பூங்காவாக்கிய ஓவர்சியர் நான். அது 1948. திறந்த மறுநாளே கவனித்தேன். புல்லில் கால் வைக்கும் ஆண்கள் எல்லோரும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். பெண்கள் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்தார்கள். நடுப்பகுதிக்கு ஒருவரும் போகவில்லை, சுற்றித்தான் போனார்கள். என்னைக் கேலி செய்ய ஊரே கூடிப் பேசி வைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஜவுளிக்கடை அப்துல் மஜீதை நிறுத்தினேன்.

"என்ன பாய், யார் சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

"யாரும் சொல்லலீங்க. நடுவுல ஆழம் சார், எறங்கிடாதீங்க" என்றார், தூக்கிய வேட்டியை விடாமலே.

அவர் கண்ணெதிரிலேயே நடுவில் நேராக நடந்தேன். செருப்பில் ஈரம்கூட ஒட்டவில்லை. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து, சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

மஜீது அலறிக்கொண்டிருந்தார்.

"கயிறு கொண்டாங்க! ஓவர்சியர் உள்ள போயிட்டாரு!"

கூட்டம் ஓடி வந்தது. "நான் இங்க இருக்கேன்யா!" என்று கத்தினேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. யாரோ கயிற்றை நடுப்புல்லில் வீசினார்கள்.

கயிறு விறைத்தது. எல்லோரும் சேர்ந்து இழுக்கத் தொடங்கினார்கள்.