வினிகர் ஊற்றாத கிண்ணம்

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமைக் காலை. கொல்லையில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து யாத்விகா குதிரைமுள்ளங்கி என்னும் கார வேரைத் துருவுகிறாள். வேலியோரம் அவளே வளர்த்தது. விடியலில் தோண்டிய வேர்களில் ஈரமண் இன்னும் காயவில்லை. வெளிறிய வெயில் கிண்ணத்துத் துருவலின் மேல் விழுகிறது. வேர் கரகரவென்று தேயத் தேய, கண்ணீர் தாடை வரை வழிகிறது. துடைக்க முடியாது, கையெல்லாம் சாறு. போன வருஷம் நெடிக்குப் பயந்து, துருவும்போதே வினிகரை ஊற்றிவிட்டாள். ஏற வேண்டிய காரம் ஏறாமலே அடங்கிப்போயிற்று. ஈஸ்டர் விருந்தில் மாமனார் வின்சென்டி ஒரு கரண்டி அள்ளித் தின்றுவிட்டு, “தொட்டில் பிள்ளைக்கு ஊட்டலாம்” என்றார். மேசையே சிரித்தது. இன்று வினிகர் பாட்டில் திறக்கப்படாமல் அவள் காலடியில் நிற்கிறது.

“ஊத்தித் தொலையேன், யாத்வி. தெரு வரைக்கும் நெடி அடிக்குது,” என்கிறான் கணவன் லேஷெக், சன்னலுக்குள்ளிருந்து.

“நீ சன்னலச் சாத்திக்க.”

தேவாலயத்தில் ஆசீர்வதிக்க முட்டையும் ரொட்டியும் அடுக்கிய கூடையோடு மாமனார் வருகிறார். கூடையில் குதிரைமுள்ளங்கிக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது.

“என்ன மருமகளே, இந்தத் தடவையாவது உறைக்குமா?”

கிண்ணத்தின் மேல் குனிந்து மூச்சை ஆழ இழுக்கிறார். இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிடுகிறது. முகம் சிவக்கிறது. மீசை நடுங்குகிறது. தொப்பியைக் கழற்றி அதிலேயே கண்ணை ஒற்றுகிறார்.

“ஊத்தும்மா! சீக்கிரம் ஊத்து!”

யாத்விகா அடுத்த வேரை எடுக்கிறாள்.

“தள்ளி நில்லுங்க மாமா. இன்னும் ஏறணும்.”