ஒரு பக்கம் தாழும் கவுன்

மதிய வெயில் கடைக் கண்ணாடியைத் தாண்டி வெள்ளைச் சாட்டின் கவுனில் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. முக்காலி மேல் மணப்பெண் அசையாமல் நிற்கிறாள். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தரையில் மண்டியிட்டிருக்கும் தையல்காரி, கீழ்மடிப்பை மறுபடியும் பிரிக்கிறாள். எப்படி அளந்து மடித்தாலும் வலப்பக்கம் தாழ்ந்தே தொங்குகிறது. "பாக்கெட்ல என்னடி வச்சிருக்கே?" நாற்காலியிலிருந்து எழுந்து வரும் அம்மா, மகள் அடம்பிடித்து வைக்கச்சொன்ன அந்தப் பாக்கெட்டுக்குள் கையை விடுகிறாள். வீட்டு வாசல் கதவின் கனத்த பித்தளைச் சாவி வெளியே வருகிறது. "ஏதாவது ஒண்ணுன்னா ஓடி வந்துடலாம்னு பாக்குறியா? உன் ரூம்ல அண்ணனும் அண்ணியும் குடியேறியாச்சு. போற எடத்துல அனுசரிச்சு இருக்கப் பாரு." சாவி அம்மாவின் கைப்பைக்குள் போகிறது. ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்கிறது. கவுன் மெல்ல மேலேறி, சுற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. "அப்பாடா, இப்பதான் சரியா வந்திருக்கு," என்கிறாள் தையல்காரி. "பாக்கெட் இனிமே சும்மாதானே கெடக்கும், தச்சு மூடிடட்டுமா கண்ணு?" மணப்பெண் காலிப் பாக்கெட்டுக்குள் மணிக்கட்டு வரை கையை நுழைக்கிறாள். "வேணாம்க்கா," என்கிறாள். "கையையாவது வச்சுக்கறேன்."