விளக்கெண்ணெய் வைத்தியம்

மலாயாவில் திகாம் பத்து ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். மருந்துக் கொட்டகைப் பெஞ்சில் டிரைவர் பரஞ்சோதி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி உட்கார்ந்திருக்கிறார். வெளியே எடுத்தால் நடுங்கும். போன மாதம் செம்மண் பாதையில் கம்யூனிஸ்டுகள் துரையின் காரைச் சுட்டபோது, துரையைக் கீழே தள்ளி அவர்மேல் படுத்துக்கொண்டவர் இவர்தான். கீறல்கூடப் படாத துரைக்கு நரம்புத் தளர்ச்சியாம். ஓய்வெடுக்கச் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். பரஞ்சோதிக்கு, தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் நம் டிரெஸ்ஸர் தகரக் குவளையில் விளக்கெண்ணெய் ஊற்றுகிறார். தலையில் என்ன கோளாறு என்றாலும் வயிற்றைக் கழுவிவிடுகிற மகா மேதை. “ராத்திரியெல்லாம் தூங்காம அலறுறாருங்க ஐயா. டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு குடுங்க,” என்று கெஞ்சுகிறாள் மனைவி மருதம்மாள். “நரம்புத் தளர்ச்சியெல்லாம் துரைமாருக்குத்தான் வரும்லா. இவன் வேலைக்குப் போகாம நடிக்கிறான்!” பெருமையாகச் சிரிக்கிறார் டிரெஸ்ஸர். எண்ணெய்க் கையிலிருந்து குவளை வழுக்கி, சிமெண்டுத் தரையில் டமாரென்று விழுகிறது. அடுத்த நொடி டிரெஸ்ஸர் தரையில் மல்லாந்து கிடக்கிறார். வெள்ளைக் கோட்டெல்லாம் விளக்கெண்ணெய். வாசலுக்கு முதுகைக் கொடுத்து, அவரை முழுக்க மூடிக்கொண்டு கிடக்கிறார் பரஞ்சோதி. “அசையாதீங்க துரை,” என்று டிரெஸ்ஸரின் காதில் சொல்கிறார், “நான் இருக்கேன்.”