பதினொரு மனுக்கள்

"உங்க மேல பதினொரு மனு வந்திருக்குது. தெரியுமாம்மா?"

பெண்கள் நல மையங்களைப் பார்வையிடும் அதிகாரி ராஜாராம், காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தார். செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் ஒரு கிராமம். நாற்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசித் தூறல் ஓட்டுக்கூரையில் விழுந்துகொண்டிருந்தது. எதிரே நின்ற அருளம்மாள்தான் அங்கே வகுப்பு நடத்துகிறவள்.

"பதினொண்ணுங்களா, சார்?" என்றாள். குரல் நடுங்கியது.

பயந்துவிட்டாள் என்று நினைத்தார் ராஜாராம். புருஷன் மார்ச்சளி நோயில் படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது என்று வரும் வழியிலேயே விசாரித்திருந்தார்.

"ஒவ்வொண்ணா படிக்கிறேன். கேட்டுப் பதில் சொல்லுங்க. 'மூணு மணிக்கு வரச்சொன்னா மல்லாட்ட யாரு புடுங்கறது.' இது மங்கை."

"நெசந்தான் சார். கடலக் காட்டு வேல நேரம் அது, அவங்களுக்குத் தோதுப்படல."

"'கைப்புள்ளயத் தூக்கியாந்தா டீச்சரம்மா மூஞ்சச் சுளிக்கிறாங்க.' செல்லம்மாள்."

"சுளிச்சிருப்பேன்."

ராஜாராமுக்கு எரிச்சல் வந்தது. இல்லை என்று சாதிக்கிற ஆளாக இருந்தால் விசாரணை சுலபம். அடுத்த காகிதத்தைச் சற்றுத் தயங்கியே படித்தார்.

"'சேரிப் பொம்பளைங்கள மட்டும் கதவாண்ட குந்த வெக்கிறாங்க. சொல்றது ஒண்ணும் காதுல விழல.' நாகம்மாள்."

அருளம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"மத்தவங்க வராம நின்னுடுவாங்கன்னு அப்படிச் செஞ்சேன், சார். தப்புதான். நாளையிலேர்ந்து எல்லாருக்கும் ஒரே பாயி."

மீதி எட்டையும் அவர் படித்தார். எட்டுக்கும் அவள் ஆமாம் என்றாள்.

ராஜாராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கட்டு மேலிடத்துக்குப் போனால் இவள் வேலை போய்விடும். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இங்க பாருங்கம்மா. இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்குத் தானா மனு போடத் தோணாது. தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதறானே கன்னியப்பன், இது அவன் வேலையா இருக்கும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்."

"அவரு எழுதல, சார்."

"வேற யாரோ தூண்டி விட்டிருக்கணும்."

"ஆமாங்க. நான்தான்."

ராஜாராம் நிமிர்ந்து பார்த்தார்.

"வகுப்புல இன்னா கொறன்னு அதிகாரிக்கு எழுதிப் போடுங்க, நான் பாக்க மாட்டேன்னு சொன்னேன்" என்றாள் அருளம்மாள். "சித்திரையில வந்து சேந்தப்ப இவங்கள்ல ஒருத்திக்கும் அ, ஆ தெரியாது. இது நான் வெச்ச பரீட்சை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சேந்தவங்க பதினொரு பேரு. பதினொரு பேரும் பாஸ், சார்."