பிடரி முடிக்கு ஏற்றது

"சின்னத் தகடு வெச்சதுதான் நல்லதுன்னு அவங்ககிட்டச் சொல்லும்மா," என்றார் அந்தப் பெரிய ஆள்.

அவர் சொன்ன 'அவங்க' கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். முடியை நீட்டி நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர் ஒன்றை, அகலத் தகடு வைத்த ரோஸ் நிறத்தை, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஷலேஷ்னிக்குச் சிரிப்பு வந்தது. ஃபிஜித் தலைநகர் சுவாவில், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த இந்தக் கடையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் சாமான் வாங்க வந்து முறைத்துக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டிகளை நிறையப் பார்த்துவிட்டாள். இதுவும் வழியில் எங்கோ முட்டிக்கொண்டு வந்த ஜோடிதான்.

"சின்னதுதான் நல்லதாம்க்கா," என்று ஒப்புக்குச் சொன்னாள்.

"என் முடி அடர்த்தி. சின்னதுல இழுத்தா பொழுது விடிஞ்சிடும்னு சொல்லு."

நடுவில் நான் என்ன தபால்காரியா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

சண்டை போட்டவர்கள் குரல் இத்தனை மெதுவாக இருக்காதே என்றும் தோன்றியது. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டேதான் பேசினார்கள்.

அவர் காலடியில் புத்தம் புதுப் பயணப் பெட்டி ஒன்று இருந்தது. "நாளைக்கு அவங்க பிரிஸ்பேன் போறாங்க. முதியோர் இல்லத்துல வேலை. இங்கன்னா பின்னாடி இழுத்து விட அம்மா இருக்காங்க. அங்க யாரு இருக்கா? பின்னந்தலையையும் தானேதான் பண்ணிக்கணும். அதுக்கு ஏத்ததாக் குடு."

அப்புறம் அவர் சொன்னதுதான் ஷலேஷ்னியை அசத்தியது. பிடரியில் இடது பக்கம் ஒரு சுழி உண்டு. மழைக்காற்று பட்டால் முதலில் சுருண்டுகொள்வது அதுதான். அகலத் தகடு அந்த இடத்தைப் பிடிக்காது. வலது காதுக்குப் பின்னால் முடி மெலிசு, அங்கே சூட்டைக் குறைக்க வேண்டும்.

ஷலேஷ்னி முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு போன அன்று, அவள் புருஷன் சோறு ஆறிப்போச்சு என்று மட்டும்தான் சொன்னான். இப்படியும் ஒரு மனுஷனா என்று பொறாமையாகவே இருந்தது.

"நெத்திப் பக்கம் எப்படிண்ணா?"

"தெரியாது," என்றார்.

தெரியாதாம். கண்ணை நிமிர்த்தினால் எதிரிலேயே நெற்றி. அவர் நிமிர்த்தவில்லை.

என்னதான் கோபமோ, ஒரு கை பட்டால் இறங்கிவிடும் என்று ஷலேஷ்னி கணக்குப் போட்டாள். சின்ன ஸ்ட்ரெய்ட்னர் ஒன்றை எடுத்தாள். தகடுகளைச் சேர்த்து மூடி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, நடுவில் வெளிச்சம் ஒழுகவில்லை என்று காட்டினாள். செருகிச் சூடேற்றினாள்.

"அந்தச் சுழியை நீங்களே கொஞ்சம் தூக்கிப் பிடிங்கண்ணா. இழுத்துக் காட்டறேன்."

அவர் பின்வாங்கிய வேகத்தில் சீப்புத் தட்டு ஆடியது. நாலைந்து சீப்புகள் கீழே விழுந்தன. அந்தப் பெண் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அவர் சீப்புகளைப் பொறுக்கி வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், மழையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதே," என்றாள் அந்தப் பெண். "அவர் என் அண்ணன். எங்க தீவுல வளந்ததுக்கப்புறம் அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசிக்கறதில்ல. அது மரியாதை. தலையைத் தொடறதெல்லாம்..."



ஷலேஷ்னிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கேள்விப்பட்டதுதான். நகரத்தில் அண்ணனும் தங்கையும் தலையில் தட்டி விளையாடுவதைப் பார்த்துவிட்டு, அதெல்லாம் அந்தக் காலத்தோடு போயிற்று என்று நினைத்திருந்தாள்.

"அப்ப அந்தச் சுழி எப்படித் தெரியும்?"

"சர்ச்சுல எப்பவும் எனக்குப் பின் வரிசையிலதான் உக்காருவார்." அவள் ரோஸ் நிறத்தைத் தட்டில் வைத்தாள். "அவர் சொன்ன சின்னதே குடு."

வியாபாரம் முடிந்தது. பணத்தை வாங்கிப் பையைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

ஷலேஷ்னி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணா, இன்னொண்ணு இருக்கு. அதையும் பாத்துட்டுப் போங்க."

அவர் வந்து பழைய இடத்திலேயே நின்றார். ஷலேஷ்னி புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, ஸ்ட்ரெய்ட்னரைச் செருகி, இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள ஏதாவது கேக்கணும்னா என்கிட்டக் கேளுங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

அவர் ஸ்ட்ரெய்ட்னரிடமே பேசுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"போய்ச் சேந்ததும் அம்மாவுக்கு போன் பண்ணுவாங்களான்னு கேளும்மா."

ஷலேஷ்னி திரும்பி, ஒரு வார்த்தை குறையாமல் கேட்டாள்.

"பண்ணுவேன்னு சொல்லு," என்றாள் தங்கை. "அம்மா ஸ்பீக்கர்ல போடட்டும், அவருக்கும் கேக்கும்னு சொல்லு."

சூடேறியதற்கான பச்சை விளக்கு எரிந்தது. ஷலேஷ்னி அதை அணைத்துவிட்டு, அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.