கூத்துப் பள்ளிக்கு மானியம்

தனக்கோடியின் கூத்துப் பயிற்சிப் பள்ளிக்கு அரசாங்க மானியம் வரப்போகிறது என்று டீக்கடையில் காதில் விழுந்ததிலிருந்து திருமலைக்குச் சோறு இறங்கவில்லை.

"பள்ளியாம் பள்ளி! தறி ஓடாத கொட்டாயில நாலு பசங்கள நிக்க வச்சி குதிக்கச் சொன்னா அது பள்ளியா?" என்று மனைவியிடம் பொருமினான்.

"அவரு ஏதோ பண்ணிகினு போறாரு. உங்களுக்கு இன்னாங்க?" என்றாள் ரேணுகாம்பாள்.

"இன்னாவா? பாரதம் முழுசும் பாட்டோட தெரிஞ்சவன் நான். அவனுக்குப் பாதிக் கூத்துலயே அடி மறந்து பூடும். அவன் வாத்தியாரு, நான் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கணுமா?"

அதில் பொய் இல்லை. இருவரும் ஒரே கூத்து ஜமாவில், ஒரே குழுவாகச் சேர்ந்து ஆடியவர்கள்தான். தேவிகாபுரம் திருவிழாவில் துரியோதனன் வேஷம் யாருக்கு என்று கிளம்பிய சண்டையில் ஜமா இரண்டாக உடைந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

கூத்து நடக்கிற மாதங்களில் திருமலைக்குக் கவலையில்லை. மற்ற மாதங்களில் மில்தான் கதி. குரல் இருக்கும்போதே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கும் ஆசைதான். அந்த ஆசையை இன்னொருத்தன் நடத்திக் காட்டினால் வயிறு எரியாதா?

எரிந்தது. எரிந்த வயிற்றோடு சாயங்காலம் சைக்கிளைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஒளிந்து நின்று கேட்டான். நெசவுத் தெருப் பசங்கள் நன்றாகவே பாடினார்கள். அதுதான் அவனுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் வீடு தேடி வந்தார். சென்னையிலிருந்து மானிய விஷயமாக விசாரிக்க வந்த அதிகாரி. சிவப்பிரகாசம் என்று பெயர் சொன்னார்.

"பள்ளியைப் பார்த்துட்டுத்தான் வரேன். உள்ளூர்க் கலைஞர் ஒருத்தரோட கருத்தையும் கேட்டு எழுதணும். நீங்க சொல்றதை வச்சித்தான் முடிவே. அங்கே எல்லாம் சரியா நடக்குதா?"

காபி கொண்டுவந்த ரேணுகாம்பாள், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். திருமலை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஜமாக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூத்து பேச வருகிறவர்களிடம் அடுத்த ஜமாவை நாலு வார்த்தை மட்டம் தட்டினால்தான் முன்பணத்தோடு தாம்பூலம் தங்கள் கைக்கு வரும். அந்த வித்தை திருமலைக்குத் தண்ணி பட்ட பாடு.

"உண்மையச் சொல்லணும்னா சார், அது பள்ளியே இல்ல. ஒரு பையனுக்காவது கால் தாளத்துல விழுதா? பாட்டுல பாதியை முழுங்கிடறானுங்க."

"நான் பார்த்தப்போ நல்லா ஆடினாங்களே?"

"நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சி ரெடி பண்ணியிருப்பான் சார். அவன் பலே ஆளு."

"நீங்க நேர்ல போய்ப் பார்த்திருக்கீங்களா?"

"நான் இன்னாத்துக்கு சார் அங்க போறேன்? ஊரே பேசிகினு கீது." கொஞ்சம்கூட நாக்கு குழறவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். திருமலைக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது.

"அப்போ, பாட்டும் அடவும் முழுசாத் தெரிஞ்ச வாத்தியார் அங்கே இல்லை. அதுதானே நீங்க சொல்றது?"

"கரெக்டா புடிச்சீங்க சார்!"

"தனக்கோடியும் அதையேதான் சொன்னார். தனக்கு அரைகுறையாத்தான் தெரியும்னு."

"அவனே ஒத்துகினானா?" திருமலைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாத்தியா ரேணுகா, அவன் வாயாலயே வந்திடுச்சி!"

ரேணுகாம்பாள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"மானியம் கொடுத்தா பிரயோஜனம் இருக்காதுங்கறீங்க?"

"ஆத்துல கொட்டின மாதிரிதான் சார். பள்ளியை இழுத்து மூடச் சொல்லுங்க. பசங்க தறியையாவது ஒழுங்கா நெய்வானுங்க."

"சரி. அப்படியே எழுதிடறேன்."

எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். திருமலை அவரைத் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து போய் வழியனுப்பினான். ஆட்டோவைக்கூட அவனே கைதட்டி நிறுத்தினான். இத்தனை நாளில் அவன் இவ்வளவு உற்சாகமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"உங்ககிட்ட கேக்கறதுக்கு இன்னொரு விஷயமும் இருந்தது," என்றார் அதிகாரி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபடி. "பள்ளியே வேண்டாம்னு ஆனப்புறம் அதுக்கு அவசியம் இல்லை."

"பரவால்ல, கேளுங்க சார்."

"மானியம் கேட்டதே மாசச் சம்பளத்துக்கு ஒரு வாத்தியார் போடத்தான். ஆரணி வட்டாரத்துல அதுக்குத் தகுதியான ஆள் நீங்க ஒருத்தர்தான்னு தனக்கோடி சொன்னார். 'நான் கூப்ட்டா அவன் வரமாட்டான், நீங்களே போய்க் கேளுங்க சார்'னு என்னை இங்கே அனுப்பி வச்சதே அவர்தான்."